பூ வைக்காத மாடுகள்

மாடுகளுக்கு முன்னால் மணிச்சத்தம் வந்தது.

காஸியான் பிரேக்கைப் பிடித்தான். காலையிலிருந்தே விரல்களில் உணர்ச்சி இல்லை. செப்டம்பர் குளிர் என்று நினைத்துக்கொண்டான்.

சைக்கிள் பாதை சாலையைக் கடக்கும் இடத்தில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஜெர்மனியிலிருந்து சுற்றுலா வந்தவர்கள். ஒரே கடையில் வாடகைக்கு எடுத்த, ஒரே நிறச் சைக்கிள்கள்.

எல்லோர் கையிலும் போன் தயாராக இருந்தது. கோடை முழுக்க மலை மேய்ச்சலில் கிடந்த மாடுகள் ஊருக்கு இறங்கும் நாள். தலையில் பூக்கிரீடம், நடுவில் சின்னக் கண்ணாடி, பட்டு ரிப்பன் என்று மணப்பெண் போல வரும்.

அவனுக்கு அது நினைவே இல்லை. நினைவிருந்தால் ஒரு நாள் தள்ளிக் கிளம்பியிருப்பான்.

ஆப்பிள் தோட்டங்களுக்கு மேலே அவன் பிறந்த வீடு இருந்தது. அதைத் திரும்பிப் பார்க்காமல் கடந்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் இன்றைய திட்டம்.

ஆறு பிறக்கும் கணவாயில் நேற்று தொடங்கினான். அது கடலில் சேரும் இடம் ஓர்னெல்லாவின் ஊர். மேலிருந்து கீழ்வரை ஆற்றோடு கூடவே சைக்கிளில் போக வேண்டும் என்பது அவள் ஆசை.

“உங்க ஊர்ல இந்த ஆறு என்ன கத்து கத்துது! எங்க ஊருக்கு வர்றதுக்குள்ள தொண்டை கட்டிப்போயிடும்” என்பாள்.

அவளுடைய ஹெல்மெட் பின்பையில் தொங்கிக்கொண்டு வந்தது. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் சைக்கிள் சட்டத்தில் இடித்தது.

அப்பா அவர்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. இத்தாலிக்குள் இருந்தாலும் இந்த மலையில் எல்லோரும் ஜெர்மன் பேசுகிறவர்கள். அவள் இத்தாலியன் பேசுகிறவள். அவர் ஒரு முறைகூட அவள் பெயரைச் சொன்னதில்லை. ‘அந்தச் சமவெளிக்காரி’ என்பார்.

ஒரே ஒரு கிறிஸ்துமஸுக்கு அவளை அழைத்து வந்தான். சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு குறைந்தது. அக்கா புர்கா ஓடிப்போய் எடுத்து வந்தாள். ஓர்னெல்லா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

அதன்பிறகு அவன் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

வளைவில் முதல் மாடு தெரிந்தது.

தலையில் ஒன்றுமே இல்லை. அடுத்த மாட்டின் தலையிலும் இல்லை.

“என்னங்க இது, ஒரு பூகூட இல்ல?” என்றாள் முன்னால் நின்ற பெண்மணி.

“செலவைக் குறைச்சிருப்பாங்க. காலையில ஹோட்டல்ல ஜாம் துளியூண்டு வச்சான் பாரு, அந்தக் கணக்குதான்” என்றார் கணவர்.

அவள் காஸியான் பக்கம் திரும்பினாள். “நீங்க இந்தப் பக்கத்துக்காரரா? ஏன் பூ வைக்கல?”

“மேல ஏதாவது மாடு செத்திருக்கும். பள்ளத்துல உருண்டிருக்கும், இல்ல இடி விழுந்திருக்கும். அந்த வருஷம் பூ கட்ட மாட்டாங்க.”

வீட்டில் ஆள் போனாலும் கட்ட மாட்டார்கள். அதை அவன் சொல்லவில்லை.

முதல் மாட்டின் மணி அருகே வந்தது. மணியின் தோல்வாரில் தைத்திருந்த எழுத்துகளைப் பார்த்தான். அவன் தாத்தா பெயரின் முதலெழுத்துகள். இவை அவன் வீட்டு மாடுகள்.

அப்பா, என்று நினைத்தான்.

ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தான். எதுவும் தோன்றவில்லை. மாடுகள் போய்க்கொண்டே இருந்தன.

கடைசி மாட்டுக்குப் பின்னால், நீல ஏப்ரனும் கையில் கம்புமாக அப்பா வந்துகொண்டிருந்தார்.

அப்படியானால் மாடுதான்.

மந்தையின் ஓரமாக நடந்து வந்த புர்கா அவனைப் பார்த்துவிட்டாள். ஒரு நொடி நின்றாள்.

“டேய், நீயா? இந்த டவுசர்ல ஆளே தெரியல. யாரோ டூரிஸ்ட்டு வழிய மறிச்சுட்டு நிக்கிறான்னு திட்ட வந்தேன்.”

“எது செத்தது, அக்கா?”

“என்ன செத்தது?”

“மாடு.”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள்.

“மாடெல்லாம் நல்லபடியா இறங்கியாச்சு. வேணும்னா எண்ணிக்கோ.”

ஒரு கன்று அவளை இடித்துக்கொண்டு போனது. அதன் முதுகைத் தட்டிவிட்டாள்.

“ஜூலைல நீ போன் பண்ணினப்போ அப்பா மேய்ச்சல்ல இருந்தார். நான்தான் ஏறிப்போய்ச் சொன்னேன். அப்புறம், ‘இந்த வருஷம் பூ வேண்டாம், நம்ம வீட்ல சாவு’ன்னார்.”

சொல்லிவிட்டு மாடுகளோடு நடந்தாள்.

அப்பா வந்தார். அவனைப் பார்க்கவில்லை. பின்பையில் தொங்கிய ஹெல்மெட்டைப் பார்த்தார். பிறகு கம்பால் சைக்கிளின் பின்டயரைத் தொட்டார்.

“காத்து கம்மியா இருக்கு. வீட்ல பம்பு இருக்கு.”

நிற்காமல் போய்விட்டார்.

சாலை காலியானது. சுற்றுலாக்காரர்கள் போன்களைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினார்கள்.

“ஏங்க” என்று கூப்பிட்டான் காஸியான்.

அந்தப் பெண்மணி காலை ஊன்றித் திரும்பினாள்.

“நான் தப்பா சொல்லிட்டேன். செத்தது மாடு இல்ல. என் மனைவி.”

பிரேக்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். விரல்கள் வலித்தன.