மஞ்சள் சீலைக் கிழிசல்

தம்பிஐயாவுக்கு இரண்டு மாதமாகத் தீராத வயிற்றெரிச்சல். காரணம், பக்கத்துத் தோட்டத்துக் கேதீஸ்வரியின் தக்காளி.

வட்டுக்கோட்டையில் இருவருக்கும் விவசாயப் போதனாசிரியை லவீனா ஒரே ஐந்து இனங்களைத்தான் கொடுத்திருந்தாள். இனத்துக்கு ஒரு நிரை, நிரைக்குப் பத்துக் கன்று. நிறையிலும் தரத்திலும் முந்துகிறவருக்கு, அடுத்த போகம் ஊருக்கே நாற்றுப் போடும் பொறுப்பு.

வரம்பில் நின்று அவளுடைய பழங்களை எண்ணுவதே தம்பிஐயாவுக்கு வேலையாயிற்று. முதல் நிரை இவருடையதைவிடக் குண்டு. இரண்டாம் நிரை இன்னும் சிவப்பு. மனுசனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரே ஆறுதல் அவளின் நாலாம் நிரை. அதில் நின்றது நாலே நாலு செடி.

கடைசி ஆய்ச்சல் அன்று, இருவரும் பறித்துக் கொண்டுவந்த பழங்களை லவீனா அமத்திப் பார்த்தாள், வெட்டித் தின்றாள், நிறுத்தாள்.

"நாலாம் இனம்தான் திறம். தோலும் தடிப்பு, இனிப்பும் காணும். ஐயா, மூண்டு கிலோவாலை நீங்கள் முன்னுக்கு. அக்கா, உங்கடை நாலாம் நிரை நிரம்பியிருந்தா நீங்கள்தான்."

"பரவாயில்லைப் பிள்ளை" என்றாள் கேதீஸ்வரி.

தம்பிஐயா விடுவாரா?

"பத்துக் கண்டைப் பாத்து வளக்கத் தெரியாத ஆக்களை நம்பி ஊர் நாத்தைக் குடுக்கலாமோ?" என்றார், நாலு பேர் கேட்க.

கேதீஸ்வரி பழக் கடகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவி செல்வநாயகியிடம் ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

"நான் டெங்கோடை ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை, எங்கடை நாலாம் நிரையிலை ஆறு கண்டை மஞ்சள் சீலையைக் கிழிச்சுத் தடியோடை கட்டிவிட்டியே. அதுகள்தான் காய்ச்சுக் கொட்டினது. நீயும் கெட்டிக்காரிதான்."

செல்வநாயகி தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்தாள்.

"நீங்கள் கேட்டதுக்குக் கேதீஸ்வரி என்ன சொன்னவ?"

"என்னத்தைச் சொல்லுறது? கடகத்தையும் தூக்கிக்கொண்டு போயிட்டாள்."

"அது என்ரை சீலையில்லை."

"பின்னை?"

"மாடு பூந்து உங்கடை நாலாம் நிரையிலை ஆறு கண்டைத் திண்டிட்டுது. மேலதிகமாக் கண்டு ஒருத்தரிட்டையும் இல்லை. அவதான் தன்ரை நிரையிலை ஆறைக் கிண்டிக் கொண்டந்து நட்டு, தன்ரை சீலையைக் கிழிச்சுக் கட்டினவ. 'அண்ணை வருத்தத்தாலை எழும்பி வந்து வெறும் நிரையைப் பாத்தா மனமுடைஞ்சு போவார், சொல்லிப்போடாதையுங்கோ' எண்டு என்னட்டைச் சத்தியமும் வாங்கினவ."