கியர்த்தண்டு விழுங்காத மிட்டாய்

காருக்குள் இருக்கும் சாமான்களெல்லாம் தங்களுக்குள் ஊர்க்கதை பேசிக்கொண்ட காலத்திலே, ஒரு பழைய வெள்ளைக் காரில் ஓர் ஆட்டோமேடிக் கியர்த்தண்டு இருந்தது. வண்டியை நிறுத்தி வைக்கிற 'பார்க்' நிலையிலேயே இறுகிப்போய், அசைய மாட்டேன் என்றது.

"அண்ணே, கொஞ்சம் நகருங்களேன்" என்று கெஞ்சியது பிரேக். "இன்னைக்கும் கிளம்பலைன்னா பழைய இரும்புக் கடைதானாம்."

"தொண்டையில மிட்டாய் இருக்குடா."

"உதறிவிட வேண்டியதுதானே?"

"உதறிட்டா அவர் ஞாபகமா என்கிட்ட என்ன இருக்கு?"

அந்தக் காரை ஓட்டியவர் பூவிழியின் அப்பா. வண்டி கிளம்பும்போதெல்லாம் அவள் அவர் வாயில் ஒரு புளிப்பு மிட்டாயைப் போடுவாள். பிறகுதான் அவர் கியரைத் தொடுவார். கடைசியாகப் போனபோது கை தவறி ஒன்று கியர்த்தண்டின் இடுக்கில் விழுந்துவிட்டது. அதற்கப்புறம் அப்பாவும் இல்லை, பயணமும் இல்லை.

மெக்கானிக் சவரிமுத்து மூடியைக் கழற்றிக் குடைந்து பார்த்தார். கியர்த்தண்டு தொண்டையை இன்னும் இறுக்கிக்கொண்டது.

"வரலைம்மா. இரும்புக்காரனையே கூப்பிடுங்க."

"ஒரே ஒரு தடவை நான் பார்க்கிறேண்ணே."

அப்பாவின் இருக்கையில் பூவிழி முதல்முறையாக உட்கார்ந்தாள். கைப்பையைத் துழாவி, ஒரு புளிப்பு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டாள். பிறகுதான் பிரேக்கை மிதித்துக் கியரில் கை வைத்தாள்.

"அண்ணே, அதே வாசனை!" என்றது பிரேக்.

 கியர்த்தண்டின் தொண்டை மெல்ல இளகியது. பழைய மிட்டாய் நழுவி அடியில் விழ, தண்டு வழுக்கிக்கொண்டு நகர்ந்தது.

"நான் குடைஞ்சப்ப வரலையேம்மா!" என்றார் சவரிமுத்து.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்கும் ஒரு மிட்டாய் கொடுத்தாள். வண்டி தெருமுனை திரும்பியது. அவர் மிட்டாயைக் கன்னத்தில் அதக்கியபடி, தன் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து போனார்.