கடைசி வரியை அடிக்காதீங்க

"பாவம்ணே புறாவெல்லாம்! நம்ம தெருவுல மட்டும் எத்தனை புறா செத்து விழுந்திருக்கு தெரியுமா?"

தையல்காரரின் மிஷின் மேல் மனுவை விரித்து வைத்துக்கொண்டு, அழாத குறையாகக் கேட்டார் சுத்தக்காத்து. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. வெடியைத் தடை செய்யச் சொல்லி மூன்று வாரமாக வீடு வீடாகக் கையெழுத்துக்கு அலைந்ததில், தெரு வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

போன வருஷம் வரை இதே மனிதர்தான் மொட்டை மாடியில் குப்பையைக் கொளுத்தி, பக்கத்து வீட்டுக் கொடித் துணியையெல்லாம் கரியாக்கியவர். புறா மேல் திடீரென்று எங்கிருந்து வந்தது இந்தப் பாசம்? 'வீட்டில் பேச்சு எடுபடவில்லை, அதனால் ஊரைத் திருத்தக் கிளம்பிவிட்டார்' என்று இஸ்திரிக் கடையில் கூடித் தீர்ப்பே சொல்லிவிட்டோம்.

அவர் வீட்டம்மா அதிர்ந்து பேசாதவர். மருந்து கம்பெனியில், கலவைப் பிரிவில் வேலை. இருமலுக்கு நாலு மாத்திரை கொண்டுவந்து தரச் சொல்லி அவரிடம் கேட்காத ஆள் தெருவில் கிடையாது. "எங்க மருந்து இருமலுக்கு ஆகாதுக்கா" என்று சிரித்துக்கொண்டே நழுவிவிடுவார். எச்சில் கையால் காக்கா ஓட்டாத ரகம் என்று அதற்கும் ஒரு தீர்ப்பு.

"நாலரை ஆயிடுச்சுண்ணே. அஞ்சு மணிக்கு நகரசபையில மனு வாங்குறதை நிறுத்திடுவாங்க. நூறு கையெழுத்து இருந்தாத்தான் நாளைக் கூட்டத்துல பேசவே எடுப்பாங்களாம். தொண்ணூத்தொம்பது வாங்கிட்டேன். இந்தத் தெருவுல நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

"சும்மா கையை நீட்டினா போட்டுருவேனா? படி, கேப்போம்."

சுத்தக்காத்து மூச்சு விடாமல் படித்தார். புகை, குழந்தைகளின் நுரையீரல், ஏரித் தண்ணீரில் கலக்கும் ரசாயனம், பறவைகள். கடைசி வரி இப்படி முடிந்தது: 'ஆகவே, இவ்வூரில் வெடிகளை வெடிக்கவும் தயாரிக்கவும் தடை விதிக்குமாறு வேண்டுகிறோம்.'

தையல்காரர் காதில் செருகியிருந்த பென்சிலை உருவினார். "வெடிக்கக் கூடாதுங்கிறது நியாயம்தான். புகை வந்தா எனக்கும் இழுக்குது. அந்தக் கடைசி வரியில 'தயாரிக்கவும்'னு இருக்கு பாரு, அதை மட்டும் அடிச்சிடறேன். இப்பவே கையெழுத்து."

"ஐயோ, அதை அடிக்காதீங்க!" சுத்தக்காத்து பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணும்னா மத்ததையெல்லாம் அடிச்சிடுங்க. புறாவை அடிங்க, ஏரியை அடிங்க. அந்த ஒரு வரி மட்டும் இருக்கட்டும்."

"நல்லா இருக்கே கதை! அப்ப எதுக்குய்யா இவ்வளவு நேரம் புறா புறான்னு உயிரை வாங்கினே?"

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் 'டமார்' என்று ஒரு சத்தம்.

சுத்தக்காத்து மனுவைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். போனில் எதையோ அழுத்தினார். எதிரே, பூட்டிக் கிடந்த அவர் வீட்டுக்குள்ளேயே மணி அடித்தது. வீட்டம்மா வேலைக்குப் போன் கொண்டு போவதில்லை. கம்பெனியில் அவ்வளவு கறார்.

"லாரி டயருய்யா!" தையல்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "டயர் வெடிச்சதுக்கே உனக்கு இப்படி வேர்த்து ஊத்துது. இந்த லட்சணத்துல தடை கேக்க வந்துட்டே."

சுத்தக்காத்து திரும்பி வந்து, வெட்டுத் துணிக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கடிகார முள் மட்டும் உட்காரவில்லை.

"அண்ணே, ஊர்க்கோடியில இருக்கிற அந்த வெடி ஃபேக்டரியை மூடணும். உங்க கையெழுத்துலதான் இருக்கு."

"அங்க முந்நூறு பொம்பளைங்க வேலை பாக்குறாங்க, தெரியுமில்ல? அவங்க வயித்துல அடிக்கச் சொல்றியா? வேற வேலைக்குப் போங்கன்னு அவங்ககிட்டயே போய்ச் சொல்லேன், பாப்போம்."

"சொல்லாம இருப்பனா? கால்ல விழுந்துகூடப் பாத்துட்டேன். சொந்தக் கால்ல நிக்கிறதை விடமாட்டேங்கிறாங்க. கம்பெனி கேட்டைப் பூட்டினாத்தான் வேலையை விட்டு நிப்பாங்களாம்."

"முந்நூறு பேர் கால்லயும் விழுந்தியாக்கும்! முட்டி தேஞ்சிருக்குமே."

சுத்தக்காத்து சிரிக்கவில்லை. தையல்காரர் பாதியில் விட்டிருந்த சட்டையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டார். சுத்தக்காத்து வீட்டம்மாவின் சட்டைதான் அது. சுத்தப் பருத்தி. ஜிப் வேண்டாம், கொக்கி வேண்டாம், இரும்பே படக் கூடாது, நாடா வைத்தால் போதும் என்று நேற்று கொடுத்துவிட்டுப் போனது.

"இதோ பாரு, ஒரு கொக்கி வைக்கக்கூட உன் வீட்டம்மாவுக்கு மனசு வரல. நீ அடுத்தவன் பொழைப்பைப் பத்திப் பேசுறே." ஊசியில் நூல் கோத்தபடி தொடர்ந்தார். "உனக்கென்னய்யா? உன் பொண்டாட்டி மருந்து கம்பெனியில ஜம்முனு உக்காந்து மருந்து கலக்குறாங்க. வெடி ஃபேக்டரி மூடினா உனக்கு என்ன, திறந்தா உனக்கு என்ன?"

சுத்தக்காத்து அந்தச் சட்டையின் நாடாவை எடுத்து விரலில் சுற்றினார். அவிழ்த்தார். மறுபடியும் சுற்றினார்.

"அவ கலக்குறது வெடிமருந்துண்ணே."