பாடுபட்ட சுரூபத்தின் பாதங்கள்

துடைத்தார்.

அடுத்த ஆள் முழங்காலிட்டார். ஆணி அடித்த பாதங்களில் உதடு பதித்தார், எழுந்து போனார்.

மறுபடியும் துடைத்தார்.

பெரிய வெள்ளி, மத்தியானம் மூன்றரை மணி. பீடத்துக்கு முன்னால் சாய்த்து வைத்த பலகையில் பாடுபட்ட சுரூபம், சிலுவையில் அறைந்த ஆண்டவரின் சிலை. பக்கத்தில் வெள்ளைத் துணியோடு அவர். முப்பத்தோரு வருஷமாக இந்தக் கடற்கரைக் கோயிலுக்கு அவர்தான் கோயில்பிள்ளை. வருஷம் முழுக்க மணி அடிப்பார், மெழுகுவர்த்தி ஏற்றுவார். இந்த ஒரு நாள், ஊரார் முத்தி செய்துவிட்டுப் போகும் முத்தங்களைத் துடைப்பார்.

எத்தனை வகை உதடுகள்! மூக்குப்பொடி மணக்கும் உதடு வந்தது. சாயம் பூசிய புதுப்பெண்ணின் உதடு வந்தது, அதற்குக் கொஞ்சம் அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்தது. காலையில் தண்ணீர்க் குழாயடியில் நாலு தெருவுக்குக் கேட்கும்படி ஏசிய செரபினாளும் வந்தாள். பூ வைப்பதுபோல ஒரு முத்தம் வைத்தாள்.

"இந்த வாயா மயினி காலையில அந்தப் பேச்சுப் பேசிச்சி?" என்றார் அவர், மெதுவாக.

"அது அவருக்குத் தெரியும். நீரு துடையும்."

சிரித்துக்கொண்டே துடைத்தார்.

இவருக்கு ஆள் பார்க்கவே தெரியாது என்று ஆண்டவரைப் பற்றி மனைவியிடம் கேலியாகச் சொல்வார். பெண்டாட்டியை அடித்தவனுக்கும் அதே பாதங்கள். வாய் கூசாமல் பொய் சொல்பவனுக்கும், வருஷத்தில் ஒருநாள் மட்டும் கோயில் வாசலை மிதிப்பவனுக்கும் அதே பாதங்கள். இப்படி ஒரு நேசத்தை அவர் வேறெங்கும் பார்த்ததில்லை. அதன் பக்கத்தில் நிற்கக் கிடைத்ததே பெரிய பாக்கியம் என்று நினைப்பார்.

முத்தி செய்து எழுந்த தொபியாஸ் அவர் காதருகே குனிந்தான்.

"அண்ணாச்சி, பின்னால கஸ்பாரு நிக்கான்."

துணி அப்படியே நின்றது.

நாலு வருஷம்.

காற்று அடிக்கும், போகாதே என்று ஊரே சொல்லியும் கேட்காமல், குடித்த வாயோடு வள்ளத்தைக் கடலில் இறக்கியவன் கஸ்பார். கூடப் போனது அவருடைய மகன் பெலிக்ஸ். கஸ்பார்தான் அவனுக்கு ஞானத்தகப்பன். கூப்பிட்டால் போகாமல் இருப்பானா?

வள்ளம் கவிழ்ந்தது. கஸ்பார் கரையேறினான். பெலிக்ஸ் ஏறவில்லை.

அன்றைக்கு ஊரை விட்டுப் போனவன் இன்றைக்குத்தான் வந்திருக்கிறான்.

எட்டிப் பார்த்தார். ஆறு பேருக்குப் பின்னால் நின்றான். தலை முழுக்க நரைத்திருந்தது. யாரையும் பார்க்கக் கூடாது என்பதற்காகவோ என்னவோ, கண்களை மூடியிருந்தான்.

ஆண்டவரே, இந்த ஒருத்தனுக்கு மட்டும் வேண்டாம்.

ஊருக்கெல்லாம் கொடும், முகம் சுளிக்காமல் துடைக்கிறேன். இவனுக்கு வேண்டாம்.

சுரூபத்தின் முகத்தைப் பார்த்தார். எப்போதும்போல ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கால்களை இழுத்துக்கொள்ள வழியில்லை, ஆணி அடித்திருக்கிறது. ஆணி இல்லாவிட்டாலும் இழுத்துக்கொள்ள மாட்டார். அது கோயில்பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் வயிறு எரிந்தது.

மூன்று பேர்.

ஒருவர்.

கஸ்பார் முழங்காலிட்டான்.

அவர் துணியைப் போட்டு இரண்டு பாதங்களையும் மூடினார். துணிக்கு மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

முன்வரிசையில் பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஊருக்குப் புதிதாக வந்த சாமியார் பீடத்திலிருந்து பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஊருக்கு எல்லாம் விளங்கியது.

கஸ்பார் கண்ணைத் திறந்தான்.

பாதங்களைக் காணோம். கைதான் இருந்தது.

அது யாருடைய கை என்று அவனுக்குத் தெரியும். பெலிக்ஸின் ஞானஸ்நானத்தன்று பிள்ளையைத் துணியோடு தூக்கி அவன் கையில் தந்த கை.

நிமிர்ந்து பார்க்கவில்லை. விலக்கவும் இல்லை.

குனிந்து, அந்தக் கையில் முத்தி செய்தான்.

எழுந்தான். சிலுவை வரைந்துகொண்டான். தனக்குக் கிடைத்தது இவ்வளவுதான், இதுவே அதிகம் என்பதுபோலத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாசல் பக்கம் நடந்தான்.

அடுத்து வந்தவள் முழங்காலிட்டுக் காத்திருந்தாள்.

அவர் அசையவில்லை. புறங்கையில் ஈரம் இருந்தது. உதட்டின் ஈரம் மட்டும் அல்ல.

நாலு வருஷம் எங்கெங்கோ அலைந்து, ஆண்டவருக்கென்று ஒருத்தன் கொண்டுவந்த முத்தம். நடுவில் கையை நீட்டி வாங்கிக்கொண்டோமே என்று இருந்தது அவருக்கு. அவர் மகன் போனது போனதுதான். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஆனால் இந்த முத்தம் தனக்கென்று வந்தது அல்ல.

கஸ்பார் கடைசித் தூணைத் தாண்டிவிட்டான்.

"ஏலே, கஸ்பாரு!"

கோயில் முழுக்கக் கேட்டது. நாலு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது இதுதான் முதல் தடவை.

கஸ்பார் நின்றான். திரும்பவில்லை.

"எங்க போற? அவர இன்னும் முத்தி செய்யலியே நீ."

குரல் கரகரத்தது. துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

முழங்காலிட்டிருந்தவள் எழுந்து ஒதுங்கினாள். அவளுக்குப் பின்னால் வரிசை முழுவதும் ஒதுங்கி வழி விட்டது.