காலித் தாளில் கால்தடம்

பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கும் பணத்தை எதற்குச் செலவழிக்கலாம் என்று பெற்றோரிடம் கருத்துக் கேட்கப் போகிறார்களாம். கேள்விப்பட்டதும் செம்பி என்கிற வெள்ளாடு மேய்ச்சலைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிட்டது. பள்ளியில் தண்ணீர்த் தொட்டி இல்லாததால் அதன் குட்டி தினமும் லாரி ஓடும் சாலையைத் தாண்டித்தான் ஓடைக்குப் போய் வந்தது.

வாசலிலேயே செயலாளர் காகம் ஒரு தாளை நீட்டியது. மேல்பாதி காலியாக இருந்தது.

"முதல்ல கால்தடம் வச்சிடுங்கம்மா. வந்ததுக்கு அடையாளம்."

செம்பி வைத்தது. கூட்டத்தில் தொட்டியைப் பற்றி மூன்று தடவை சொன்னது. காகமும் மூன்று தடவை, "அருமையான கருத்து" என்று தலையாட்டியது. எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தார்கள்.

கிளம்பும்போது பார்த்தால் தாளின் மேல்பாதி நிரம்பியிருந்தது. பள்ளி வாசலில் தலைவர் மயிலின் பெயரில் அலங்கார வளைவு கட்ட அனைவரும் ஒருமனதாகத் தீர்மானித்திருந்தார்கள்.

"நான் தொட்டின்னுதானே சொன்னேன்?"

"உங்க கால்தடம் இருக்கேம்மா" என்று சொல்லிவிட்டுக் காகம் இன்னொரு பொட்டலம் சுண்டல் வாங்கப் போனது.

திரும்பி வந்தபோது தாளைக் காணோம். செம்பி எதையோ நிதானமாக மென்று விழுங்கியது.

"மறுபடி கூட்டம் போடுங்க. இந்தத் தடவை எழுதிட்டு நீட்டுங்க."