யோஹான் கிளிங்கரின் துப்பாக்கி

டுவைட் கிளிங்கர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்த கிழவரிடமிருந்து மூத்திர நாற்றம் குப்பென்று அடித்தது.

'வயசானா வீட்டோட கெடக்கணும்' என்று முணுமுணுத்தபடி சர்ச்சின் பழைய ஞானஸ்நானப் பதிவைப் பார்த்தார். பென்சில்வேனியாவின் அந்தச் சின்ன ஊர் நூலகத்தில் இருந்ததே ஒரு மேசைதான். எழுந்து வேறு இடம் போகவும் வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளிங்கர் குடும்பக் கூட்டம். இங்கிலாந்து ராஜா காலத்துத் துப்பாக்கிக் கொல்லன், தங்கள் மூதாதை யோஹான் கிளிங்கருக்குக் கல் நடப்போகிறார்கள். பெயர் வெட்டியாகிவிட்டது. பிறந்த வருஷம் மட்டும் காலி.

"பொறக்காமலே துப்பாக்கி செஞ்சாரா உங்க பாட்டன்?" என்று மச்சினன் ரோலண்ட் வேறு நேற்றே கேலி செய்துவிட்டான். கூட்டத்தில் எல்லாரும் அதையே கேட்பார்கள்.

கிழவர் பையிலிருந்து ஈரல் சாஸேஜை எடுத்து, பழுப்பேறிய விரல்களால் பிய்த்துத் தின்றார். விரலைச் சப்பினார். அதே விரலால் புத்தகத்தில் பக்கம் புரட்டினார். டுவைட் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பெரியவரே, நீங்க குளிக்கவே மாட்டீங்களா?"

"குளிச்சாலும் போகாது தம்பி." கிழவர் கோபப்படவில்லை. "துப்பாக்கிக் குழலுக்குப் பழுப்பேத்த மூத்திரம்தான் பூசணும். அந்தக் காலத்து முறை."

கருமம்! ஆனால் துப்பாக்கி தெரிந்த ஆள். டுவைட் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"யோஹான் கிளிங்கர்னு ஒரு கொல்லரைக் கேள்விப்பட்டிருக்கீங்களா? வருஷக்கணக்காத் தேடுறேன். இங்க பாருங்க, ஒரே வீட்டுல நாலு பசங்க. நாலு பேரும் யோஹான்!"

"அந்தக் காலத்துல இங்க குடியேறின நம்ம ஜெர்மன்காரங்க வழக்கம் அது. எல்லாப் பையனுக்கும் முதல் பேரு யோஹான்தான். ஆனா கூப்பிடறது ரெண்டாவது பேரச் சொல்லி. யோஹான் பீட்டர்னா பீட்டர், யோஹான் காஸ்பர்னா காஸ்பர். வெறும் யோஹான்னு எந்தக் கொல்லனும் துப்பாக்கில பேரு வெட்ட மாட்டான்."

டுவைட்டுக்குச் சுருக்கென்றது.

"உளறாதீங்க. எங்க வீட்டுத் துப்பாக்கில 'யோஹான் கிளிங்கர்'னு கொட்டை எழுத்துல வெட்டியிருக்கு. ஏலத்துல நம்ம குடும்பப் பேரப் பாத்துட்டு, எங்கப்பா ரெண்டு மாட்ட வித்து வாங்கினாரு. அத வச்சுத்தான் இப்படி ஒரு பாட்டன் இருந்தாருன்னே எங்களுக்குத் தெரியும்!"

கிழவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"கட்டையில பித்தளை நட்சத்திரம் பதிச்சிருக்கா? கொஞ்சம் கோணலா?"

"ஆமா... ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

கிழவர் சாஸேஜைக் காகிதத்தில் சுருட்டிப் பைக்குள் வைத்தார். டுவைட்டின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"அது நான் செஞ்ச முதல் 'பழங்கால'த் துப்பாக்கி தம்பி. அப்ப இந்தப் பேரு வழக்கம் எனக்குத் தெரியாது."