சுவர் மெல்லிசு

மீட்டிங் நடுவில் மாமனார் பாட ஆரம்பித்தார்.

பாட்டு என்பது மரியாதைக்குச் சொல்வது. கதவிடுக்கில் விரல் மாட்டிக்கொண்டால் வருமே, அந்தச் சத்தம்.

மருமகள் பாய்ந்து மைக்கை அணைத்தாள். அதற்குள் திரையில் இருந்த எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

"மாமா! கஸ்டமர் லைன்ல இருக்காங்க!"

"இருக்கட்டும்மா. நாலு பேர் கேட்டாத்தானே பாட்டு!"

கூடவே தாளம் வேறு. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு வாங்கிய ஊன்றுகோல், அதற்கும் உதவியது.

இந்தப் பக்கம் அவள் மேஜை. அந்தப் பக்கம் அவர் கட்டில். நடுவில் இருப்பது சுவர் என்று வீட்டைக் கட்டியவர் சொன்னார். நம்பி வாங்கிவிட்டார்கள். அங்கே தும்மினால் இங்கே காகிதம் பறக்கும்.

கம்பெனியில் கெடு வைத்திருந்தார்கள். வீட்டிலிருந்தே வேலையா, தினமும் ஆபீஸா, பாதிக்குப் பாதியா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

டீம் தலைவர் பதவி காலியாக இருந்தது. தினமும் கண்ணில் படுகிறவருக்குத்தான் அது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

"அந்தப் பதவிக்குத்தானே இத்தனை வருஷமா உயிரை விட்டே? ஆபீஸ்னு சொல்லிட வேண்டியதுதானே?" என்றான் கணவன்.

"பஸ்ல நசுங்க என்னால ஆகாது. வீடே சுகம்."

முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். கணவன்தானே, கவனிக்கவில்லை.

மறுநாள் மிக்ஸி அலறியது. ஓடிப்போய்ப் பார்த்தாள். ஜாரில் ஒன்றுமே இல்லை.

"என்ன மாமா அரைக்கிறீங்க?"

"ஒண்ணும் இல்லைம்மா. ஓடுதான்னு பார்த்தேன். ஓடுது."

அதற்கடுத்து ஆணி. ஒன்றன்பின் ஒன்றாகச் சுவரில் இறங்கியது. மாட்ட ஒரு படம்கூடக் கிடையாது.

"உங்க அப்பாவுக்கு என்னங்க ஆச்சு? நல்லாத்தானே இருந்தார்?"

"வயசாச்சு. விடு."

"பாதிக்குப் பாதின்னு குடுத்துடவா? பாதி நாளாவது காதுக்கு ஓய்வு."

வெள்ளிக்கிழமை டைரக்டரம்மாவே லைனில் வந்தார். மருமகள் நிமிர்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் மாமனார் பிரசன்னமானார். இடுப்பில் ஈரத் துண்டு. வாய் நிறையப் பற்பசை நுரை.

"என் சோப்பைப் பார்த்தியாம்மா?"

டைரக்டரம்மாவுக்குச் சிரிப்பு முட்டியது. "உங்க மாமனாரா? வணக்கம், சார்!"

வணக்கத்துக்குப் பதில் வணக்கம் வைக்காமல் இருக்கலாமா? மாமனார் இரண்டு கையையும் தூக்கினார். அதில் ஒன்று, அதுவரை துண்டைப் பிடித்துக்கொண்டிருந்த கை.

லேப்டாப்பை அவள் மூடிய வேகத்தில் மேஜையில் இருந்த தண்ணீர் கவிழ்ந்தது. மானம் தப்பியது. மயிரிழையில்.

அன்று சாயங்காலமே மெயில் போனது. தினமும் ஆபீஸ்.

"இனிமே இந்த வீட்ல உட்கார்ந்து ஒரு வரி டைப் அடிச்சா என்னன்னு கேளுங்க!"

"கேக்கலைம்மா" என்றார் மாமனார்.

திங்கட்கிழமை கிளம்பினாள். கோபம் ஆறவில்லை. ஆனாலும் கைகள் தம் பாட்டுக்கு மாமனாரின் தலைமாட்டில் தண்ணீரையும் மாத்திரையையும் எடுத்து வைத்தன.

"போனைக் கிட்டயே வச்சுக்கோங்க. படிக்கட்டுப் பக்கம் போகக் கூடாது. பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொல்லியிருக்கேன், வந்து பார்ப்பாங்க."

மாமனார் தலையை ஆட்டினார். அவள் படியிறங்கும் சத்தம் ஓயும் வரை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அடுத்த மாதம் ஒரு சாயங்காலம் கணவனுக்குப் போன் வந்தது. அந்தப் பக்கம் ஒரே கூச்சல்.

"எனக்குத்தாங்க! பதவி எனக்குத்தான்!"

அவன் நின்ற இடத்திலேயே குதித்தான். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார். அதற்கும் ஒரு முறை குதித்துவிட்டு நேராக அப்பாவிடம் போனான்.

"உங்க தொல்லை தாங்காம ஓடினாப்பா. ஓடின இடத்துல அதிர்ஷ்டம் அடிச்சிடுச்சு. அதுக்காகச் செஞ்சது சரின்னு ஆயிடாது. வந்ததும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்க."

"கேக்கறேன்."

வீடு அமைதியாக இருந்தது. அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஆமா, அவ போனதுல இருந்து நீங்க பாடவே இல்லையே?"

"எனக்கு எங்கேடா பாட வரும்? ஒரு வாரம் தொண்டை புண்ணாப் போச்சு."

"அப்புறம் எதுக்குப் பாடினீங்க?"

கிழவர் ஊன்றுகோலால் சுவரைத் தட்டிக் காட்டினார்.

"இது என்ன, ஒரு பக்கத்துக்கு மட்டுமா மெல்லிசு? 'மாமாவைத் தனியா விட்டுட்டு என்னால வர முடியாது மேடம், பதவியை வேற யாருக்காவது குடுத்துடுங்க'ன்னு அவ அழுதது இந்தப் பக்கம் கேட்டுச்சு."

மகன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"நேராவே சொல்லியிருக்கலாமேப்பா..."

"சொன்னா கேக்கற ஆளா அவ? கோபம் வந்தாத்தான் கிளம்புவா."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கிழவர் சட்டென்று முகத்தைக் கடுகடுவென்று மாற்றிக்கொண்டார்.

"அவகிட்ட மட்டும் உளறினே, மறுபடி பாட ஆரம்பிச்சுடுவேன்!"